கனவு கண்ட யோசேப்புக்குக் கபாலா மரபில் ஏன் இவ்வளவு பெரிய இடம்?

செக்காலை வாசகன் (காரைக்குடி):

காரைக்குடியில் நாங்கள் சில பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடிப் பழைய நூல்களை வாய்விட்டு வாசித்துப் பேசுவோம். திருவாசகம் முடிந்து இப்போது ஆதியாகமம் ஓடுகிறது. யோசேப்பு கதைக்கு வந்ததும் கூட்டம் இரண்டு கட்சியாகிவிட்டது.

ஒரு கட்சி சொல்வது இது. அப்பாவுக்குச் செல்லப்பிள்ளை, பலவருண அங்கி போட்டுக்கொண்டு திரிகிறான், அண்ணன்மாரைப் பற்றி வீட்டில் போய்ச் சொல்கிறான், நீங்களெல்லாம் என்னை வணங்குவதாகக் கனவு கண்டேன் என்று அவர்களிடமே சொல்லி வினையை விலைக்கு வாங்குகிறான், அப்புறம் எகிப்தில் காலம் கூடிவந்து பெரிய அதிகாரியாகிறான். இதில் ஆன்மிகப் பயணம் எங்கே இருக்கிறது? ஆபிரகாமோடு கடவுள் பேசுகிறார், ஈசாக்கோடும் யாக்கோபோடும் பேசுகிறார், யோசேப்போடு நேரே ஒரு வார்த்தைகூட இல்லை. நானும் 37ஆம் அதிகாரத்திலிருந்து 50 வரை தேடிப் பார்த்தேன், நிஜமாகவே இல்லை.

ஆனால் கபாலா என்ற யூத மறைஞான மரபில் யோசேப்பைத்தான் ‘நீதிமான்’ என்று அழைக்கிறார்கள் என்றும், கபாலா சொல்லும் பத்து செஃபிரோத்தில், அதாவது தெய்வ நிலைகளில், ஒன்பதாவதான யெசோத்துக்கு உரியவர் அவர்தான் என்றும் வாசித்தேன். மோசேக்கும் தாவீதுக்கும் பக்கத்தில் உட்கார வைக்கும் அளவுக்கு இந்தப் பையனிடம் என்ன கண்டார்கள்? இன்னொன்றும் உறுத்துகிறது. சிறையில் கூட இருந்த, எகிப்து ராஜா பார்வோனின் பானபாத்திரக்காரனிடம் ‘என்னை நினைத்துக்கொள்’ என்று கேட்டதற்காக யோசேப்புக்குச் சிறையில் இரண்டு வருஷம் கூடிப்போனது என்று யூத உரைகளில் இருக்கிறதாமே, செய்யாத குற்றத்துக்கு உள்ளே கிடப்பவன் உதவி கேட்டால் அதுவும் தப்பா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள், வரும் ஞாயிறு இதைத்தான் பேசப் போகிறோம்.

—

மடைக்கரை (தேவகோட்டை):

தம்பி, கடவுள் அவரோடு பேசவில்லை என்ற அந்த வாதத்தில்தான் பதிலே இருக்கிறது. யூத ரப்பிகளின் பெரிய தொகுப்பான தல்மூதில் பெரகோத் என்ற பகுதியில், கனவு என்பது தீர்க்கதரிசனத்தில் 60இல் ஒரு பங்கு என்று வருகிறது. முன்னோர்களுக்கு முழுசாகக் கிடைத்தது யோசேப்புக்கு அறுபதில் ஒன்றாகத்தான் கிடைத்தது. அதே பகுதியில் இன்னொன்றும் உண்டு, வைக்கோல் இல்லாத தானியம் கிடையாது, வெற்றுச் சங்கதி கலக்காத கனவும் கிடையாது என்று. அதற்கு அவர்கள் காட்டும் சாட்சியே யோசேப்பின் கனவுதான்: சூரியனும் சந்திரனும் 11 நட்சத்திரங்களும் வணங்கின என்கிறான், சந்திரன் அம்மா என்றால் ராகேல் அதற்கு முன்பே இறந்துவிட்டாளே, அப்போது அந்தத் துண்டு எப்படிப் பலிக்கும்? இப்படிப் பதரும் மணியுமாகக் கலந்து வந்ததை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதுதான் இந்தக் கதை.

அவர் வாழ்க்கையில் வருவது ஆறு கனவுகள், ஜோடி ஜோடியாக. முதல் ஜோடி அவர் கண்டது, அரிக்கட்டுகளும் நட்சத்திரங்களும். இரண்டாவது சிறையில் பானபாத்திரக்காரனும் அப்பம் சுடுகிறவர்களின் தலைவனும் கண்டது. மூன்றாவது பார்வோன் கண்ட பசுக்களும் கதிர்களும். அந்த மூன்று இடத்திலும் யோசேப்பு வாயிலிருந்து வருவதை மட்டும் தனியாக எடுத்து வரிசையாக வாசித்துப் பாருங்கள். 17 வயதில் ‘நான் கண்ட கனவைக் கேளுங்கள்’ என்கிறான், அங்கே கடவுள் பேச்சே இல்லை. சிறையில், பலன் சொல்வது கடவுளுடைய காரியம் என்கிறான், ஆனால் அதே மூச்சில் ‘என்னிடம் சொல்லுங்கள்’ என்றும் சேர்த்துக்கொள்கிறான். 30 வயதில் பார்வோன் முன்னால், நாடே ஆளும் ராஜா ‘நீ கனவைக் கேட்டால் பலன் சொல்லுவாயாமே’ என்று தூக்கி வைக்கும்போது, ‘நான் அல்ல, கடவுள் சொல்லுவார்’ என்கிறான். வெளியே வர இதை விட்டால் வேறு வழியில்லாத ஆள், எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற இடத்தில் இப்படிச் சொல்கிறான். அந்த 13 வருஷம் என்ன செய்தது என்று கேட்டால் இதைத்தான் செய்தது என்பேன். கடவுள் பேசாமலேயே இது நடந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம், கனவுக்குப் பலன் சொல்வதில் பேர்போன இந்த மனுஷன் தன்னுடைய கனவுக்கு மட்டும் பலன் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? அரிக்கட்டு வணங்கியது என்று சொன்னதும் ‘நீ எங்களை ஆளப்போகிறாயா’ என்று பலன் சொன்னது அண்ணன்மார். இரண்டாவதுக்குச் சொன்னது அப்பா. கனவெல்லாம் சொல்லும் வாயின் பின்னால் போகும் என்பது தல்மூத் வாக்கு. எருசலேமில் பலன் சொல்லுகிறவர்கள் 24 பேர் இருந்தார்களாம், ஒருவர் தன் கனவை அத்தனை பேரிடமும் கொண்டுபோக ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லவில்லையாம், ஆனால் எல்லாமே பலித்ததாம். அப்படிப் பார்த்தால் யோசேப்பை நாட்டுக்கு அதிகாரியாக்கியது அவனை வெறுத்த அண்ணன்மார் வாய்தான். கபாலாவின் முக்கிய நூலான ஸோஹர் இதை இன்னொரு பக்கமாகத் திருப்புகிறது: நம்மேல் பிரியம் இல்லாதவர்களிடம் கனவைச் சொல்லக்கூடாது, சொன்னதால் அவன் கனவு 22 வருஷம் தள்ளிப்போனது என்கிறது. கணக்கு சரியாக வருகிறது, 30 வயதில் பார்வோன் முன் நின்றான், செழிப்பான 7 வருஷம், பஞ்சத்தில் 2 வருஷம், அண்ணன்மார் வந்து வணங்கும்போது 39. பதினேழிலிருந்து எண்ணினால் 22.

யெசோத் விஷயத்துக்கு வருகிறேன். கபாலாவில் தெய்வத்தின் அருள் பத்து நிலைகள் வழியாக இறங்கி உலகத்துக்கு வருகிறது. ஆபிரகாம் ஹெசெத், அதாவது கருணை. ஈசாக்கு கெவுரா, கண்டிப்பு. யாக்கோபு இரண்டையும் சமன் செய்யும் திஃபெரெத். மோசே நெட்ஸாக், ஆரோன் ஹோத், யோசேப்பு யெசோத், அதாவது அஸ்திவாரம், கடைசியாகத் தாவீது, மல்குத். மேலே உள்ளது எல்லாம் யெசோத்துக்குள் வந்து சேர்ந்து, அங்கிருந்துதான் மல்குத்துக்கு, அதாவது நாம் இருக்கும் உலகத்துக்கு இறங்க வேண்டும். நம் ஊரில் கண்மாய்க்கு மடை எப்படியோ அப்படி. எத்தனை வரத்துக்காலில் தண்ணீர் வந்து நிறைந்தாலும் வயலுக்குப் போவது மடை வழியாகத்தான், அது அடைத்து வைக்கவும் வேண்டும், நேரம் பார்த்துத் திறக்கவும் வேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் ஒன்று கண்மாய் வற்றும் இல்லை பயிர் காயும். யோசேப்பு 7 வருஷம் சேர்த்து வைத்தார், அப்புறம் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். எகிப்தில் அவர் செய்த வேலையே யெசோத்தின் வேலை என்று கபாலா வாசிப்பது இதனால்தான்.

அடைத்து வைப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எகிப்தில் அவருக்கு எஜமானாக இருந்த போத்திபாரின் மனைவி இழுத்தபோது அங்கியை அவள் கையில் விட்டுவிட்டு ஓடினார் அல்லவா, ஸோஹர் அவரை நீதிமான் என்பதற்கு முக்கியமான காரணம் அதுதான்: உடலில் உள்ள உடன்படிக்கையை, அதாவது விருத்தசேதனத்தின் புனிதத்தை, காத்தவர். நீதிமான் உலகத்துக்கு அஸ்திவாரம் என்று நீதிமொழிகள் 10:25ஐ அவர்கள் வாசிக்கிறார்கள், அதைப் பிடித்து உலகமே நீதிமான் என்ற ஒரே தூணின்மேல் நிற்கிறது என்று தல்மூதின் ஹகிகா பகுதி சொல்கிறது. இந்த மூன்றையும் கபாலாக்காரர்கள் சேர்த்து முடிந்தார்கள், யோசேப்பு, நீதிமான், அஸ்திவாரம் என்று.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், ஞாயிறு யாராவது கேட்பார்கள். ஸோஹரை 2ஆம் நூற்றாண்டின் ஷிமோன் பார் யோகாய் தந்தது என்று மரபு சொல்கிறது, ஆனால் நூல் வெளியே வந்தது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில், மோசே தெ லியோன் என்பவர் வழியாக. ஆதியாகமத்தை எழுதியவர் மனதில் செஃபிரோத் இருந்தது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

—

பள்ளத்தூர் ஆச்சி:

தேவகோட்டைத் தம்பி நன்றாக எழுதியிருக்கிறது. நான் ஒரே ஒரு வசனத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் வீடுகளுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறது.

ஆதியாகமம் 39:11இல் யோசேப்பு தன் வேலையைச் செய்ய வீட்டுக்குள் போனான், வீட்டு ஆட்கள் யாரும் உள்ளே இல்லை என்று வரும், அதற்கப்புறம்தான் அந்த அம்மாள் இழுக்கிறது. என்ன வேலைக்குப் போனான் என்று தல்மூதில் இரண்டு பேர் வாதாடுகிறார்கள், நிஜ வேலைக்கு என்று ஒருவர், மனம் தடுமாறித்தான் போனான் என்று இன்னொருவர். தடுமாறிய அந்த நேரத்தில் அப்பா யாக்கோபின் முகம் ஜன்னலில் தெரிந்தது என்றும், உன் சகோதரர்கள் பெயர் ஆசாரியன் அணியும் ஏபோத் என்ற மேலாடையில் உள்ள கற்களில் எழுதப்படும், அதில் உன் பெயரும் இருக்க வேண்டாமா என்று கேட்டது என்றும் சொல்கிறது. ஆனால் ஓன்கெலோஸ் என்ற பழைய அரமேய மொழிபெயர்ப்பில் இந்த வேலை என்னவென்று தெளிவாக இருக்கிறது: கணக்கு எழுதின ஏடுகளைச் சரிபார்க்கப் போனான்.

எங்கள் ஐயா பர்மாவில் மோல்மேனில் கடை வைத்திருந்தவர்கள். சின்ன வயதில் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாக இருந்து, அப்புறம் சொந்தக் கடை. அவர்கள் எழுதிய பேரேடு ஒன்று இன்றைக்கும் எங்கள் வளவில் இரண்டாங்கட்டு அறைப் பெட்டகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே உ போட்டு சிவமயம் என்று எழுதி, அதற்குக் கீழேதான் வரவும் பற்றும், லாபத்தில் கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைக்கும் மகமை தனிப் பத்தியில் ஓடும். கணக்கு எழுதுவது ஒரு வேலை, சாமி கும்பிடுவது வேறு வேலை என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கபாலா வழி வந்த யூதப் பக்தி இயக்கமான ஹசீதிய மரபில் லுபாவிச் கிளையைச் சேர்ந்தவர்கள் யோசேப்பை இந்த வழியில்தான் வாசிக்கிறார்கள். அண்ணன்மார் மேய்ப்பர்கள். மேய்ப்பு வேலையை எதற்குத் தேர்ந்தார்கள் என்றால் ஊர்ச் சந்தடியில்லாமல் ஆட்டோடு தனியாக இருந்து தியானம் பண்ணலாம். யோசேப்புக்கு அந்தத் தனிமை தேவைப்படவில்லை, போத்திபார் வீட்டு நிர்வாகத்திலும், சிறையில் கைதிகளைக் கவனிக்கும் பொறுப்பிலும், நாட்டுக் களஞ்சியத்திலும் இருந்துகொண்டே மனம் கடவுளோடு ஒட்டியிருந்தது. அண்ணன்மார் எகிப்துக்கு வந்தபோது அவனை அடையாளம் தெரியவில்லை என்று 42:8 சொல்வதற்கு அவர்கள் விளக்கம் இதுதான்: தாடி மீசையால் மட்டும் தெரியாமல் போகவில்லை, ராஜ்ய காரியம் முழுக்கத் தலையில் சுமக்கும் ஒருவன் பரிசுத்தனாக இருக்க முடியும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. செக்காலைத் தம்பி, உங்கள் கூட்டத்தில் ‘இதில் ஆன்மிகம் எங்கே’ என்று கேட்டவர்களும் அண்ணன்மார் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள் என்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

—

சருகணிக்காரன்:

இரண்டு வருஷக் கேள்விக்கு மட்டும் நான்.

அந்தக் கருத்து ஆதியாகம ரப்பா என்ற மித்ராஷில், அதாவது பழைய யூத விளக்க நூலில், இருக்கிறது, இடைக்கால உரைகாரர் ராஷியும் 40:23க்கு அதையே எடுத்துக்கொள்கிறார். ஆனால் அந்த மித்ராஷ் அதை எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கர்த்தரையே நம்பிக்கையாக வைத்த மனுஷன் பாக்கியவான் என்ற சங்கீதத்தைச் சொல்லி, அது யோசேப்புதான் என்கிறது. உடனே அடுத்த வரியில், பானபாத்திரக்காரனிடம் நினைத்துக்கொள், எடுத்துச் சொல் என்று இரண்டு தடவை கேட்டதால் இரண்டு வருஷம் கூடியது என்கிறது. ஒரே மூச்சில் புகழ்ச்சியும் தண்டனையும். எல்லாருக்கும் பொருந்தும் சட்டமாக இதைச் சொன்னால் அநியாயம்தான், சிறையில் இருக்கும் ஒருவன் வக்கீலிடம் பேசக்கூடாதா என்ன. கடவுளை மட்டுமே பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்துவிட்ட ஒருவருக்கு, மனிதர் ஒருவரைப் பிடித்துத் தொங்குவது அவர் நிலைக்கு ஒரு படி இறக்கம் என்று பிற்கால உரைகாரர்கள் இதைப் புரிந்துகொள்கிறார்கள். மடைக்கரை அண்ணன் சொன்ன ‘என்னிடம் சொல்லுங்கள்’ என்பதற்கும் ‘நான் அல்ல’ என்பதற்கும் நடுவில் இருப்பது சரியாக இந்த இரண்டு வருஷம்தான், 41ஆம் அதிகாரம் முதல் வரியிலேயே அந்த இரண்டு வருஷம் வருகிறது. அதனால் தண்டனை என்பதைவிட முடியாமல் இருந்த ஒன்றை முடித்த காலம் என்று எடுத்துக்கொண்டால் எனக்குப் பொருந்துகிறது. இது என் வாசிப்பு, மித்ராஷ் இப்படிச் சொல்லவில்லை.

குழியை விட்டுவிடாதீர்கள். அது வெறுமையாக இருந்தது, தண்ணீர் இல்லை என்று 37:24 சொல்கிறது. வெறுமை என்று சொன்ன பிறகு தண்ணீர் இல்லை என்று தனியாக எதற்கு என்று தல்மூத் கேட்டு, தண்ணீர்தான் இல்லை, பாம்பும் தேளும் இருந்தன என்று பதில் சொல்கிறது. அந்தக் குழிக்குள் யோசேப்பு என்ன பேசினான் என்று 37இல் ஒரு வரி இல்லை. அவன் கெஞ்சிக் கதறியது நமக்குத் தெரிவதே 42:21இல், 20 வருஷத்துக்கு மேல் கழிந்து, அண்ணன்மார் தங்களுக்குள் ‘அவன் கெஞ்சினபோது நாம் கேட்கவில்லையே’ என்று பேசும்போதுதான். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் அவன் ஒதுங்கிப் போய் முதல் தடவை அழுகிறான். வாசிக்கும்போது இந்த இரண்டு இடத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள், கூட்டத்தில் பேச்சே மாறிவிடும்.

—

செக்காலை வாசகன்:

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி, ஓன்கெலோஸ் கணக்கு ஏடு எனக்குப் புதுச் செய்தி. ஆனால் உங்களிடமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 47ஆம் அதிகாரத்தில் பஞ்சம் முற்றியதும் யோசேப்பு தானியத்துக்கு முதலில் மக்களின் பணத்தை வாங்குகிறார், பிறகு ஆடுமாட்டை, பிறகு நிலத்தை, கடைசியில் அவர்களையே பார்வோனுக்கு அடிமையாக எழுதி வாங்குகிறார், விளைச்சலில் ஐந்தில் ஒன்று நிரந்தரமாக அரண்மனைக்கு. மடை திறந்தது சரி, இப்படித் திறப்பவரா நீதிமான்?

—

பள்ளத்தூர் ஆச்சி:

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. இதை நம்மவர்கள் தள்ளிவிட்டுப் போகக்கூடாது. கீழ்ப் பர்மாவில் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். நெல் விலை விழுந்து கடன் கட்ட முடியாத குடியானவர்களின் நிலம் கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது. எங்கள் ஐயா பேரேட்டிலும் அப்படி வந்த நிலங்கள் இருக்கின்றன, அந்தப் பக்கத்திலும் மேலே சிவமயம்தான். கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. நிலத்தை இழந்தவன் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்கு அதில் பத்தி கிடையாது. யோசேப்பு உயிரைக் காப்பாற்றினார், அந்த மக்களே ‘எங்களை உயிரோடு வைத்தீர்’ என்கிறார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும், நீதிமான் என்ற பெயர் அந்தக் கனத்தை எடுத்துவிடாது.

—

மடைக்கரை (தேவகோட்டை):

ஆச்சி சொன்னதற்கு மேல் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. 16ஆம் நூற்றாண்டுக் கபாலா ஞானி லூரியாவின் வழியில் வந்தவர்கள், எகிப்தில் சிதறிக் கிடந்த தெய்வ ஒளிப்பொறிகளைச் சேர்க்கத்தான் யோசேப்பு பணத்தையும் பொருளையும் ஒன்று திரட்டினார் என்று வாசிப்பார்கள். அழகான வாசிப்பு, ஆனால் நிலத்தை விற்ற எகிப்துக் குடியானவனை அது பார்ப்பதில்லை. ஞாயிறு அன்று இதையும் சொல்லிவிடுங்கள்.

கபாலா இந்த இடத்தில் எனக்கு உதவுவது வேறு விதத்தில். யெசோத் எவ்வளவு நிறைந்திருந்தாலும் அது தானாகப் பூரணமாவதில்லை, மல்குத்தோடு சேர வேண்டும். மல்குத் தாவீதுக்கு உரியது, தாவீது யூதாவின் வம்சம். அதனால் 44ஆம் அதிகாரம் 18ஆம் வசனத்தில் யூதா யோசேப்பின் கிட்டே வருகிறான் என்ற அந்தக் காட்சியை ஸோஹர் இரண்டு ராஜாக்கள், இரண்டு உலகங்கள் ஒன்று சேரும் நேரமாகப் பார்க்கிறது. அதுவரைக்கும் யோசேப்பு நாட்டையே நிர்வாகம் பண்ணுகிறார், மொழிபெயர்ப்பாளனை நடுவில் வைத்துப் பேசுகிறார், அழுகை வந்தால் உள்ளறைக்குப் போய் அழுது முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறார். எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. யூதா, தம்பி பென்யமீனை வைத்துக்கொள்ளாதேயும், அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் 45:1இல் அடக்க முடியாமல் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, அரண்மனைக்கே கேட்கும்படி அழுகிறார். அண்ணன்மாரில் அவனை விற்கலாம் என்று யோசனை சொன்னதே இந்த யூதாதான் என்பதையும் மறக்காதீர்கள்.

அதனால் என் யோசனை, யோசேப்பின் பயணம் பார்வோன் முன்னால் முடிந்தது என்று வைத்துக்கொண்டு பேசாதீர்கள். 37, 40, 41 மூன்றையும் ஒரு ஞாயிறு எடுத்துக்கொள்ளுங்கள். 44, 45 அடுத்த வாரம், யூதாவின் பேச்சை ஒருவர் முழுசாக நிறுத்தாமல் வாசிக்கட்டும், அது நீளம்தான், ஆனால் இடையில் யாரும் விளக்கம் சொல்லவேண்டாம். 47ஐ அதற்கடுத்த வாரம் தனியாக வையுங்கள். ஆச்சிக்கு வசதிப்பட்டால் அன்றைக்கு அந்தப் பேரேட்டையும் எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கு வரட்டும்.